நீட்டி மடக்கினால் போதுமா?

பி.டி. பீரியட் மணி அடித்ததும் வகுப்பு மொத்தமும் மைதானத்துக்கு ஓடும். ஒரு பிள்ளை மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்களின் கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதன் மடியில் இருக்கும். ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் ஏதுமில்லை. அன்பு அதிகம் என்பதால்தான் வெயிலில் விடாமல் நிழலில் உட்காரவைத்திருக்கிறார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு நம் பள்ளிகள் பலவற்றில் கிடைக்கும் உடற்கல்வி இவ்வளவுதான். அந்த வகுப்பிலேயே உடற்பயிற்சி அதிகம் தேவைப்படும் உடல் அதுதான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

வீடுகளில் இதைச் 'சி.பி.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கருவிலோ பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் காயத்தால் அசைவும் உடல் நிலைப்பாடும் பாதிக்கப்படுகின்றன. 1000 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கிறது. மூளையில் பட்ட காயம் அதற்குமேல் பெரிதாவதில்லை. உடலோ வளர்ந்துகொண்டே போகிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை. எட்டு வயதில் ஓரளவு நிமிர்ந்து நடந்த பையன் பன்னிரண்டு வயதில் முட்டியை மடக்கிக் கூனி நடக்கிறான்; பதினைந்தில் வெளியே போக வேண்டுமென்றால் சக்கர நாற்காலி கேட்கிறான். மூளைப் பாதிப்பு முற்றிவிட்டதோ என்று பெற்றோர் பதறுகிறார்கள். மோசமானது மூளையல்ல, தசையும் மூட்டும், இருதயத்தின் தாக்குப்பிடிக்கும் திறனும்தான். அதில் ஒரு கணிசமான பங்கு, உடலைப் பயன்படுத்தாமல் விட்டதால் வந்தது.

பிசியோவுக்குப் போகிறார்களே, அது உடற்பயிற்சி இல்லையா என்று கேட்கலாம். நம் ஊர் மையங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: பிள்ளை பாயில் படுத்திருக்கும். பெரியவர் ஒருவர் காலைப் பிடித்து நீட்டுவார், மடக்குவார், அகட்டுவார். பிள்ளை அழும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வியர்த்திருப்பது சிகிச்சை கொடுத்தவருக்கு. பிள்ளையின் தசை ஒரு வேலையும் செய்திருக்காது.

தசையை நீட்டிவிடுவதால் மூட்டு இறுகாமல் தடுக்க முடியுமா என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு திரட்டி 2017-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நரம்பு சார்ந்த பாதிப்பு உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்பதே அதன் முடிவு. அதில் சேர்க்கப்பட்டவை எல்லாம் ஏழு மாதத்துக்கு உட்பட்ட சிகிச்சைகள். வருடக்கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆகவே, நாளையிலிருந்து காலை நீட்டவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. ஸ்பிளிண்ட் போடுவதற்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும், உடை மாற்றிவிடுவதற்கும் அது வேண்டியிருக்கலாம். அதுவே முழுச் சிகிச்சையாகிவிட்டதுதான் சிக்கல்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940களில் லண்டனில் பெர்த்தா பொபாத் என்ற சிகிச்சையாளரும் அவருடைய கணவர் மருத்துவர் கார்ல் பொபாத்தும் உருவாக்கிய முறை, அரை நூற்றாண்டு காலம் இத்துறையை ஆண்டது. முக்கி முயன்றால் இறுக்கம் கூடிவிடும், ஆகவே எடை தூக்கும் பயிற்சி இவர்களுக்கு ஆகாது என்பது அன்றைய நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் டயான் டாமியானோ போன்றவர்கள் 1990களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தசை பலப்பட்டது. பயந்தபடி இறுக்கம் கூடவில்லை.

அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் ஒன்று நம் வீடுகளுக்கு மிக அருகில் நிற்கிறது. மெல்பர்னில் காரன் டாட், நிக்கோலஸ் டெய்லர், கெர் கிரஹாம் ஆகியோர் 2003-ல் வெளியிட்டது. 8 முதல் 18 வயதுவரையான 21 பேர் அதில் பங்கேற்றார்கள். ஜிம் கிடையாது, இயந்திரம் கிடையாது. முதுகுப் பையில் எடையை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும், பாதி உட்கார்ந்து எழ வேண்டும், படி ஏற வேண்டும். மூன்றே பயிற்சிகள், வீட்டிலேயே, ஆறு வாரம். கால்களின் பலம் கூடியது. பயிற்சியை நிறுத்தி 12 வாரம் கழித்து அளந்தபோதும் அந்தப் பலன் மிச்சமிருந்தது. புத்தகப் பையும் வாசற்படியும் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

பலம் வந்துவிட்டால் நடை தானாகத் திருந்திவிடும் என்று யாராவது உறுதி சொன்னால், அதை நம்பவும் வேண்டாம். டெய்லரின் குழு பத்தாண்டு கழித்து, 14 முதல் 22 வயதுக்காரர்களுக்கு 12 வாரம் ஜிம்மில் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற தசைகள் பலப்பட்டன. நடக்கும் திறனுக்கான சோதனைகளில் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனாலும் முன்பைவிட நன்றாக இயங்க முடிகிறது என்று அந்த இளைஞர்களே சொன்னார்கள். இந்த முடிவை வைத்து எடைப் பயிற்சி வீண் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் நடையை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். சி.பி. உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம் உறவினர் முதலில் கேட்பதும் "நடந்துடுவானா?" என்றுதான். பத்து வருடம் அந்த ஒரு கேள்வியைத் துரத்திவிட்டு, பதில் இல்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

சாதாரண இளைஞன் எதற்காக ஓடுகிறான், எடை தூக்குகிறான்? நடக்கக் கற்றுக்கொள்ளவா? மூச்சு வாங்காமல் இருக்க, எலும்பு உறுதிப்பட, நிம்மதியாகத் தூங்க, நண்பர்களோடு சேர்ந்து வியர்க்க. சி.பி. உள்ளவருக்கும் இவை அத்தனையும் வேண்டும். சொல்லப்போனால் கூடுதலாகவே வேண்டும். ஒரே தூரத்தை நடக்க மற்றவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவழிப்பவர்கள் இவர்களில் பலர். அந்தச் சக்தி இருப்பு குறைந்தால் பள்ளி வராந்தாவே மலையேற்றமாகிவிடும். வளர்ந்த பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, பக்கவாதம், மூட்டுவலி ஆகியவை இவர்களிடம் கூடுதலாக இருப்பதை மார்க் பீட்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2015-ல் காட்டினார். சி.பி. என்பது குழந்தைகள் வார்டோடு முடிகிற விஷயமல்ல. இவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தும் வாழ்கிறவர்கள்.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதும் ரகசியமில்லை. ஒலாஃப் வெர்ஷூரன் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை தெளிவாக இருக்கிறது: மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி வாரம் ஒன்றிரண்டு முறையில் தொடங்கி மூன்று முறைக்கு உயர வேண்டும், ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 நிமிடம். தசைப் பலப் பயிற்சி வாரத்தில் 2 முதல் 4 நாள், அடுத்தடுத்த நாளில் இல்லாமல். தொடர்ந்து உட்கார்ந்தே இருப்பதை அவ்வப்போது உடைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் 2020-ல் தன் வழிகாட்டியில் சேர்த்தது. வாரம் ஒருமுறை பாயில் படுத்து எழுவது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

'ஐந்து வயதுக்குள் செய்தால்தான் உண்டு' என்ற பேச்சு இன்னொரு முட்டுக்கட்டை. இது காற்றில் வந்ததல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பாலிசானோவும் குழுவினரும் 1997-ல் சி.பி. உள்ள பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலைப் பிள்ளை துணையின்றி நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிக்கவே துணை வேண்டும். அடுத்து 2002-ல் பீட்டர் ரோசன்பாமின் குழு, ஒவ்வொரு நிலையிலும் இயக்கத் திறன் எப்படி வளர்கிறது என்று வளைகோடு வரைந்தது. எட்டக்கூடிய உயரத்தில் சுமார் 90 சதவீதத்தைப் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள்ளாகவே தொட்டுவிடுகிறார்கள் என்று அந்தக் கோடுகள் சொன்னன. ஆரம்பத்திலேயே தொடங்குங்கள் என்பதற்கு இது வலுவான ஆதாரம். நம் ஊரில் அது, ஐந்து முடிந்தால் கதவு மூடிவிட்டது என்று திரிந்துவிட்டது.

அதே குழு அந்தக் கோடுகளை 21 வயதுவரை நீட்டி 2009-ல் வெளியிட்டதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. முதலிரண்டு நிலைகளில் இருப்பவர்கள் பெற்ற திறனைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைகளில் இருப்பவர்களுக்கு ஏழு, எட்டு வயதுக்குப் பிறகு கோடு கீழே சரியத் தொடங்குகிறது. கவனிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. நம் வீடுகளில் பிசியோ நின்றுபோவதும் சரியாக அந்தக் காலத்தில்தான்.

நிற்பதற்குக் காரணம் அலட்சியமல்ல. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எந்த அம்மாவால் முடியும்? அதற்குள் அவருடைய முதுகே போயிருக்கும். ஒரு நாள் சிகிச்சைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பெண் பிள்ளையாக இருந்தால் வயதுக்கு வந்த பிறகு ஆண் சிகிச்சையாளர் தொடுவதைக் குடும்பம் விரும்பாது. பெண் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கமாட்டார். இந்த இடைவெளியில்தான் ஸ்டெம் செல் விளம்பரங்கள் நுழைகின்றன. சி.பி.க்கு அந்தச் சிகிச்சை நிரூபிக்கப்பட்டதல்ல, முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியின் நிலை. நகையை அடகுவைத்து அந்த ஊசிக்குப் போகிற குடும்பத்துக்கு, அதே பணத்தில் எத்தனை வருடம் நீச்சலும் சைக்கிளும் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

நடக்கவே முடியாதவருக்கு என்ன உடற்பயிற்சி என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக இரண்டு விளையாட்டுகளைச் சொல்லலாம்.

ஒன்று போச்சியா. கடுமையான சி.பி. உள்ளவர்களை மனத்தில் வைத்து வளர்த்தெடுக்கப்பட்ட பந்து விளையாட்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்று முதலில் போடப்படும். சிவப்புப் பந்து ஆறு ஒருவருக்கு, நீலம் ஆறு மற்றவருக்கு. யாருடைய பந்து வெள்ளைக்கு அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கையால் எறியலாம், காலால் உதைக்கலாம். இரண்டும் முடியாதவர்கள் சரிவான தடத்தில் பந்தை வைத்து, தலையில் கட்டிய குச்சியால் தள்ளிவிடலாம். இப்படி ஆடுபவருக்கு ஓர் உதவியாளர் உண்டு. ஆனால் ஆட்டம் நடக்கும்போது அவர் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. தடத்தை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு உயர்த்துவது என்று ஆட்டக்காரர் சொல்ல வேண்டும், உதவியாளர் கீழ்ப்படிய வேண்டும். பிறந்ததிலிருந்து அடுத்தவர் முடிவெடுத்தே பழகிய ஒரு பிள்ளைக்கு, முடிவெடுக்கும் வேலை முழுவதும் தன்னுடையதாகும் அரை மணி நேரம் அது. கழுத்தும் முதுகும் தோளும் வேலை செய்வது உபரி லாபம்.

மற்றொன்று ஃபிரேம் ரன்னிங். 1990களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் பிறந்தது. மூன்று சக்கரம், ஓர் இருக்கை, மார்பைத் தாங்க ஒரு பலகை, பெடல் கிடையாது. உட்கார்ந்தவாறே காலால் தரையை உந்தி ஓட வேண்டும். துணையில்லாமல் நிற்க முடியாதவர்களும் இதில் ஓடுகிறார்கள். ஸ்வீடனில் வாரம் இரு முறை வீதம் 12 வாரம் இதில் பயிற்சி எடுத்த இளைஞர்களின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, கெண்டைக்கால் தசையும் தடித்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நீட்டி நீட்டியும் வளராத தசை ஓடியபோது வளர்ந்தது என்பது யோசிக்கவைக்கிறது. 2019-ல் துபாயில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் இது இடம்பெற்றது. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்ய முடியாத பொருள் எதுவும் அதில் இல்லை.

பதக்கம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரைச் சேர்ந்த பிரீத்தி பால், சி.பி.யுடன் பிறந்து பல ஆண்டுகள் காலிப்பர் மாட்டிக்கொண்டவர். 17 வயதில் சமூக ஊடகத்தில் பாராலிம்பிக் காட்சிகளைப் பார்த்த பிறகுதான் தானும் ஓடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் டி35 பிரிவில் 100 மீட்டரை 14.21 விநாடியிலும், 200 மீட்டரை 30.01 விநாடியிலும் ஓடி இரண்டு வெண்கலம் வாங்கினார். இதைச் சாதனைக் கதையாகக் கொண்டாடிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். கதையில் கவனிக்க வேண்டிய இடம் அந்த 17 வயது. அதற்கு முன் இருந்த பள்ளிக்கூட வருடங்களில் இந்தப் பெண்ணால் ஓட முடியும் என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் அவரைத் தேடி வரவில்லை. கைப்பேசியில் ஓடிய காட்சி சொன்னது. பதக்கம் வாங்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தக் காட்சியும் கண்ணில் படுவதில்லை.

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், கைப்பேசிச் செயலியோடு கிராமத்து வீடுகளுக்கே போய், சிறு குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சியைத் தாய்மாருக்குக் கற்றுத்தருகிறார்கள். சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய அமைப்பு இன்று வித்யா சாகர் என்ற பெயரில் இயங்குகிறது. 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கப்படுகின்றன. வட்டார வள மையங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயன்முறை சிகிச்சை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தொடர் தெரபி செலவும் அதில் அடங்கும். இவற்றின் பலமெல்லாம் சிறு குழந்தைப் பருவத்தில் குவிந்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் பெரும்பாலானவை மெலிந்துவிடுகின்றன. பத்தொன்பது வயதுக்காரருக்கு மருத்துவமனையின் பொது வரிசைதான்.

இடுப்பு மூட்டு பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கடுமையான சி.பி. உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டு வலியே காட்டாமல் மெல்ல விலகும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் சி.பி. உள்ள எல்லாப் பிள்ளைகளையும் பதிவேட்டில் சேர்த்து, குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு முழுவதும் நழுவுவதைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே இருக்கிறது. பெயரும் அடுத்த தேதியும் எழுதிவைக்க ஒரு பதிவேடுதான் வேண்டும். இடுப்பு மூட்டைப் பார்க்காமல் யாரையும் ஓட்டத்திலோ எடைப் பயிற்சியிலோ இறக்குவது பொறுப்பற்ற செயல்.

"விழுந்தால் யார் பொறுப்பு?" என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இவர்களில் பலருக்கு வலிப்பும் உண்டு. அந்தப் பொறுப்பைத் தனியாக அவர் தலையில் கட்டாமல், எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வட்டார வள மைய இயன்முறை சிகிச்சையாளர் எழுதித்தரும் ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் பாதி பயம் தீரும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு, விளையாட்டில் இவர்களின் பங்கேற்பை உறுதிசெய்யும் கடமையை அரசின்மீதுதான் வைக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வதும் முழு உண்மையல்ல. மாநிலம் முழுக்க இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் மாணவர்கள் பயிற்சிக்காலம் முடிக்க இடம் தேடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நோரா ஷீல்ட்ஸ் என்ற பேராசிரியர் நடத்தும் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் மாற்றுத்திறனாளி இளைஞர் ஒருவரும் ஜோடியாக ஊர் ஜிம்முக்கு வாரம் இரு முறை வீதம் 12 வாரம் போகிறார்கள். மருத்துவமனை வாசனையே அதில் இல்லை. இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஜிம்முக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். மாணவருக்குப் பாடப்புத்தகம் தராத பழக்கம் கிடைக்கிறது, மற்றவருக்கு வீட்டைத் தாண்டிய ஒரு நண்பர். இங்கே அதைத் தொடங்க ஒரு கல்லூரி, சாய்தளம் வைத்த ஒரு ஜிம், போக்குவரத்துக்கு ஒரு வேன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர்ப் பட்டியல் ஆகியவை போதும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு மாவட்டத்தில் ஆரம்பித்தால், காலாண்டுத் தேர்வுக்குள் முதல் 12 வாரம் முடிந்து, அடுத்த மாவட்டத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.